சத்திரம் விடுதியாகுமா?

‘சாப்பாடு சத்திரத்திலே, படுக்கை மடத்திலே’ என்று தமிழில் ஒரு பழமொழி உண்டு. வீடு வாசல் இல்லாதவனையும், இருந்தும் அதில் ஒட்டாதவனையும் சுட்டி ஏளனமாகச் சொல்வது அது. ஆயினும் சொல்லின் பொருளை ஆராய்வார்க்கு அவ்வேளனத்தினுள் ஒரு செய்தி கிடக்கிறது. சத்திரத்துக்குப் போனவன் உண்ணப் போனான். மடத்துக்குப் போனவன் உறங்கப் போனான். இரண்டும் ஒன்றாக இருந்திருந்தால் அப்பழமொழியே பிறந்திராது.

இனி, ஈப்போவிலோ சுங்கை சிப்புட்டிலோ தெலுக் இந்தானிலோ உள்ள ஒரு தமிழ்ப்பள்ளி வகுப்பை எண்ணிப் பார்க்கலாம். பழைய கதை ஒன்று பாடமாக வருகிறது. வழிப்போக்கன் ஒருவன் பொழுது சாய்ந்ததும் ஊர்ச் சத்திரத்தை அடைகிறான். ‘சத்திரம் என்றால் என்ன?’ என்று பிள்ளை கேட்கிறது. ‘தங்கும் விடுதி’ என்று விடை வருகிறது. அதுவும் விளங்காவிட்டால் ‘ஹோட்டல்’ என்று ஒரு சொல் சேர்த்துச் சொல்லப்படுகிறது. பிள்ளை உடனே தலையை ஆட்டிவிடும். அதன் மனத்தில் பல மாடிக் கட்டடம், வரவேற்பு மேசை, சாவி, அறை வாடகை எல்லாம் எழுந்து நிற்கின்றன. கதையின் அடுத்த பத்தியில், வழிப்போக்கனிடம் கையில் ஒரு காசும் இல்லை என்று வந்துவிட்டால் பிள்ளை திகைக்கிறது. அத்திகைப்புக்குக் கதை காரணமன்று. பொருள் சொன்ன முறையே காரணம்.

சத்திரத்தை விடுதி என்பது முழுப் பிழை என்று கூறுவதற்கில்லை. முழுப் பிழையாயிருந்தால் தாழ்வில்லை. என்றேனும் ஒருநாள் பிடிபட்டுவிடும். பாதி சரியான பொருள்தான் யார் கண்ணிலும் படாமல் நிலைத்துவிடுகிறது. ஆகவே இச்சொல்லைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

சத்திரம் வடசொல். வடமொழியில் ‘ஸத்ர’ என்பது உட்கார்தல் என்னும் பொருளுடைய வேரினின்று தோன்றியது. பன்னிரண்டு நாளும் அதற்கு மேலும் நீண்டு நடக்கும் ஒருவகை வேள்விக்கு அது பெயர். பலர் ஒருங்கே அமர்ந்து நடத்தியதால் அமர்வே வேள்விக்குப் பெயராயிற்று. வேள்வி என்றால் ஈகையும் உணவும் உடன் வருவன. நாளடைவில் வேள்வி பின்னுக்குப் போய், இடையறாது உணவிடும் அறநிலையத்துக்கு அச்சொல் உரியதாயிற்று. அசாம் மாநிலத்தில் வைணவ மடங்களை இன்றும் ‘சத்ரா’ என்று வழங்குவதும் இவ்வழி வந்ததே. தமிழில் ‘அன்னசத்திரம்’ என்னும் தொடர் சொல்லின் கருவை மறவாமல் காத்து வருகிறது. வேர்ப்பொருளில் பார்த்தால் சத்திரம் என்பது படுக்குமிடமன்று, பந்தியில் உட்காருமிடம்.

இங்கே எழுத்தினால் விளைந்த ஒரு மயக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். வடமொழியில் வேறு வேறு ஒலியுடைய மூன்று சொற்கள் தமிழ் எழுத்தில் வந்ததும் ஒரே வடிவம் பெற்றுவிட்டன. உணவுச் சாலையும் சத்திரம், குடையும் சத்திரம், கத்தி முதலிய கருவியும் சத்திரம். குடைபோல் நிழல் தருவதால் சத்திரம் எனப்பட்டது என்று மேடையில் விளக்கம் சொல்வாரும் உண்டு. கேட்க இனிமையாயிருக்கிறது, ஆனால் அது வேறு சொல். கருவியைக் குறிக்கும் மூன்றாவது சொல்லோ யாழ்ப்பாணத்தார் வழக்கில் நன்றாக வாழ்கிறது. அறுவை மருத்துவத்தை அவர்கள் ‘சத்திர சிகிச்சை’ என்பர். இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலைக்கு வந்து தைப்பிங்கிலும் ஈப்போவிலும் குடியமர்ந்த யாழ்ப்பாணக் குடும்பங்களில் இத்தொடரைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, சத்திரம் என்றால் விடுதி என்று பள்ளியில் படித்துவிட்டு, விடுதியில் வைத்தா வயிற்றைக் கீறுகிறார்கள் என்று கேட்டால் அதைக் கடிந்துகொள்ளக் கூடாது.

சொல்லின் பிறப்பைவிட அதன் வாழ்க்கையே பொருளை நன்கு காட்டும். மதுரையில் 1689 முதல் 1706 வரை ஆட்சி நடத்திய இராணி மங்கம்மாள் சாலைகளுக்கும் சத்திரங்களுக்கும் பேர் பெற்றவர். மதுரை இரயில் நிலையத்தின் எதிரே மங்கம்மாள் சத்திரம் இன்றும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி, சத்திரக்குடி என ஊர்களே இச்சொல்லால் பெயர் பெற்றுள்ளன. திருச்சிராப்பள்ளியில் ஒரு பேருந்து நிலையத்துக்கே சத்திரம் என்பது பெயர். ஆனால் சத்திரத்துக்குள் நடந்தது என்ன என்பதைக் கண்முன் நிறுத்துவது தஞ்சைச் செய்தியே.

தஞ்சை மராட்டிய மன்னர்கள் தஞ்சையிலிருந்து இராமேசுவரம் செல்லும் வழி நெடுகச் சத்திரங்கள் கட்டினர். நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் என அவற்றுட் பல அரச குலத்துப் பெண்டிர் பெயராலும் அரசரின் அன்புக்குரியோர் பெயராலும் அமைந்தவை. 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி கும்பெனியார் கைக்குப் போனது. இரண்டாம் சரபோஜிக்குக் கோட்டையும் பட்டமும் மிஞ்சின. அந்நிலையில் அவர் 1801இல் ஆங்கில ரெசிடென்ட்டான பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்கள் தம் பொறுப்பில் நீடிக்க வேண்டும் என்பது வேண்டுகோள். அதற்காகச் சத்திரத்தில் நாள்தோறும் நடப்பதை ஒன்றன்பின் ஒன்றாக விவரிக்கிறார்.

அக்கடிதத்தின்படி, வழிப்போக்கர் எவராயினும் சோறு உண்டு. யோகியரும் ஜங்கமரும் பக்கிரிகளும் அதில் அடக்கம். சமைத்த சோறு கொள்ளாதவர்க்கு அரிசியும் பண்டமும் கொடுக்கப்படும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் யாரேனும் உண்டோ என்று கூவி அழைப்பர். வழியில் நோயுற்றவர்க்கு மருத்துவர் உண்டு. பாம்புக்கடி முதலியவற்றுக்குத் தனித்தேர்ச்சி உடையோரும் இருப்பர். கருவுற்ற பெண்டிர்க்குப் பேணுதல் உண்டு. இறந்தவர்க்கு அவரவர் முறைப்படி இறுதிக்கடன் உண்டு. பெற்றோரை இழந்து வந்து சேரும் சிறுவரை ஆசிரியரிடம் ஒப்படைத்துக் கல்வி கற்பிப்பதும் சத்திரத்தின் வேலையாகவே சொல்லப்படுகிறது.

மன்னர் தம் சத்திரங்களைக் காத்துக்கொள்ளும் பொருட்டு எழுதியது இது என்பதை மறக்கலாகாது. கடிதத்தில் சொல்லியவாறே எல்லா நாளும் எல்லாச் சத்திரத்திலும் நடந்ததென்று கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் சத்திரம் எப்படி இருக்க வேண்டும் என்று அந்நாள் கருதியது என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டா. சோற்றுக்கூடம், மருத்துவமனை, தாய்மையகம், அனாதை இல்லம், பள்ளிக்கூடம் ஆகிய ஐந்தையும் ஒரு கூரையின்கீழ் வைத்த ஒன்றை ‘ஹோட்டல்’ என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தால், அந்த ஐந்தையும் அழித்துவிட்டு, கணக்கில் சேராத அறை வாடகை ஒன்றைப் புதிதாகச் சேர்ப்பதாகவே முடியும். அந்த நள்ளிரவு மணி ஒன்று போதும். வாடிக்கையாளரைத் தேடி மணி அடிக்கும் கடை உண்டு. காசு கொடாதவனைத் தேடி மணி அடிப்பது சத்திரம் மட்டுமே.

‘சத்திரத்துச் சாப்பாட்டுக்குத் தாத்தையங்கார் அப்பணையா?’ என்னும் பழமொழியும் இதையே சொல்கிறது. அப்பணை என்பது ஆணை, அனுமதி. பொதுச்சோற்றுக்கு ஒருவருடைய அனுமதி எதற்கு என்பது கேள்வி.

ஆனால் இந்தக் கேள்விக்கு வரலாறு தந்த விடை பழமொழி எதிர்பார்த்தது போல இல்லை. சத்திரம் விலை கேட்கவில்லை. பல இடங்களில் குலம் கேட்டது. சரபோஜியின் கடிதம் அந்தணர் முதல் ஒடுக்கப்பட்டோர் வரை எல்லார்க்கும் சோறு என்கிறது. எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்தனர் என்று சொல்லவில்லை. யூல், பர்னல் என்னும் இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் அகராதி, சத்திரத்துக்குப் பொருள் எழுதும்போது, உயர்குலத்துப் பயணிகட்கு விலையின்றி ஓரிரு நாள் உணவிடும் இல்லம் என்று குறிக்கிறது. விலையின்றி என்பதையும் உயர்குலம் என்பதையும் ஒரே மூச்சில் சொன்ன அவ்வகராதி, சத்திரத்தைப் புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை, கண்டதை எழுதிற்று.

ஈ. வெ. இராமசாமி 1904இல் காசிக்குப் போனபோது பசியோடு ஓர் அன்னசத்திரத்தின் வாயிலில் நின்றார். பார்ப்பனர்க்கு மட்டுமே உணவு என்று தள்ளப்பட்டார். அச்சத்திரம் பார்ப்பனரல்லாத தமிழ் வணிகர் ஒருவரின் பொருளால் எழுந்தது என்பதை அங்கேயே கண்டார். அவருடைய வாழ்க்கை வரலாறுகள் இந்நிகழ்ச்சியைத் திரும்பத் திரும்பக் கூறுகின்றன. அவரே 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து, ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டில் பேசினார். அவர் பேச்சைக் கேட்கக்கூடிய தோட்டத் தொழிலாளருள் மிகப் பலர், ஊரில் சத்திரத்தின் திண்ணையை மட்டும் கண்டு, பந்தியைக் காணாத குடிகளிலிருந்து வந்தவர்கள்.

இதற்கு முன்னரே, 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், வடலூரில் இராமலிங்க வள்ளலார் அடுப்பு மூட்டினார். சாதி சமயம் பாராமல் பசித்தவர் யாவர்க்கும் சோறு. அவ்வடுப்பு இன்றும் அணையாமல் காக்கப்படுகிறது. அந்நிலையத்துக்கு அவர் சத்திரம் என்று பெயரிடவில்லை. ‘சத்திய தருமச்சாலை’ என்றார். அவர் உள்ளக் கருத்து எதுவாயினும் ஆகுக, தேர்ந்தெடுத்த சொல் வேறு என்பது கவனிக்கத் தக்கது. சாலை என்னும் சொல்லுக்கும் உணவுக்கும் பழைய உறவு உண்டு. சோழர் கல்வெட்டுகளில் ‘சாலாபோகம்’ என்று ஒரு நில வகை வருகிறது. உணவுச் சாலைக்கென்று விடப்பட்ட நிலம் அது. இன்று சாலை என்றால் தார் போட்ட வழி என்ற பொருளே முந்தி வருகிறது.

இதுவரை சொன்னவை சத்திரத்தைப் பற்றியவை. வழிப்போக்கனுக்கு வேறு இடங்களும் இருந்தன. தங்குவதற்கு மடம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறுகால்மடம் என்று ஊரே உண்டு. பருத்தித்துறையில் தெருவின் மேலேயே கூரை எழுப்பி இரு புறமும் திண்ணை வைத்துக் கட்டிய ‘தெருமூடி மடம்’ உண்டு. நடந்து போகிறவன் விலகிப் போகவும் வேண்டாம், தெருவே அவனுக்கு மடமாகிவிடும். பொதுமன்றாகிய அம்பலம் இருந்தது. சிங்களர் அதையே ‘அம்பலம’ என்று வழிநடைத் தங்குமிடத்துக்குப் பெயராக்கிக்கொண்டனர். சாவடியும் இருந்தது.

இந்தச் சாவடிதான் பெருங்குழப்பத்தின் தோற்றுவாய். சாவடி என்பது ஊர்ப் பொதுக் கொட்டகை. பயணி அங்கே ஒதுங்கலாம். ஆனால் அது அவனுக்காகக் கட்டியதன்று. ஊரார் கூடிப் பேசுவதும், வழக்குத் தீர்ப்பதும், வரி தண்டுவதும் அங்கேதான். ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டில் சென்னையில் காலூன்றியபோது, சிறு வழக்குகளை விசாரிக்கும் இடமாகவும் சுங்கம் வாங்கும் இடமாகவும் சாவடியைக் கண்டனர். ‘சௌல்ட்ரி’ என்று தம் நாவுக்கேற்பத் திரித்தனர். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் நடத்திய உள்நாட்டு வழக்குமன்றத்துக்கு ‘சொத்ரி’ என்று பெயர், அதுவும் சாவடியே. இதுவரை பிழையில்லை. பின்னர் அதே ஆங்கிலச் சொல்லைச் சத்திரத்துக்கும் வழங்கலாயினர். அதோடும் நில்லாமல், மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தையும் ‘திருமலை நாயக்கர் சௌல்ட்ரி’ என்றே அழைத்தனர். டேனியல் என்னும் ஓவியர் இருவர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீட்டிய படங்களும் அப்பெயரையே பரப்பின. புதுமண்டபம் வசந்த விழாவுக்கு எழுந்த மண்டபம். அங்கே சோறுமில்லை, வழக்குமில்லை. தூண் நிறைந்து, சுவர் குறைந்து, நிழலாக இருந்ததெல்லாம் வெள்ளையர் கண்ணுக்கு ஒரே சொல்லாயிற்று.

அயலார் மயங்கியது வியப்பன்று. அவர்கள் மயக்கத்தைத் தமிழர் திரும்ப வாங்கிக்கொண்டதே வருந்தத்தக்கது. ஆங்கில அகராதியைத் திருப்பிப் பார்த்து, ‘சௌல்ட்ரி’ என்றால் சத்திரம், சத்திரம் என்றால் ‘இன்’, ‘இன்’ என்றால் விடுதி என்று படிப்படியாக இறங்கி வந்ததன் பயனே இன்றைய வகுப்பறை விடை. தமிழ்நாட்டிலும் ‘கல்யாணச் சத்திரம்’ என்பது இன்று வாடகைக்கு விடும் மண்டபம். பெங்களூரில் ‘சௌல்ட்ரி’ என்றாலே அதுதான். காசு வாங்காத சொல் காசு வாங்கும் கட்டடத்தின் முகப்பில் ஏறிவிட்டது.

மொழிபெயர்ப்பிலும் இந்தத் தொல்லை உண்டு. பவர் ஐயர் முதலியோர் முயன்று 1871இல் நிறைவேறிய தமிழ் விவிலியத்தில், இயேசு பிறந்த இரவில் பெத்லகேமில் இடம் கிடையாத இடமும் சத்திரம். அடிபட்டுக் கிடந்தவனை நல்ல சமாரியன் கொண்டுபோய்ச் சேர்த்த இடமும் சத்திரம். கிரேக்க மூலத்தில் அவை இரண்டு வேறு சொற்கள். முன்னது விருந்தினர் தங்கும் அறை என்ற அளவில் நிற்பது. பின்னது ‘பண்டோக்கெய்யோன்’; எல்லாரையும் ஏற்பது என்பது அதன் சொற்பொருள். அங்கே சமாரியன் காசு கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வந்து தருகிறேன் என்கிறான். தமிழ்ச் சத்திரத்தை மட்டும் அறிந்தவனுக்கு இது விளங்காது. சத்திரத்தில் காசு எதற்கு என்று கேட்பான். அக்காலத்தில் காசுக்குத் தங்குமிடம் தரும் தொழில் தமிழ் ஊர்களில் வேரூன்றாததால், மொழிபெயர்த்தவர்க்கு வேறு சொல் கிடைப்பது அரிது. அவரைக் குறை கூறுவது முறையன்று.

அந்தக் கிரேக்கச் சொல்லின் பிற்கதை மலேசியத் தமிழர்க்குச் சுவையானது. அது அரபு மொழியில் புகுந்து ‘புந்துக்’ ஆயிற்று. வணிகர் தங்கும் இல்லத்துக்கும் பிறகு ஹோட்டலுக்கும் அங்கே அதுவே பெயர். மலாய் மொழியின் ‘பொண்டோக்’ என்னும் சொல் அந்த அரபுச் சொல்லினின்று வந்தது என்பது மலாய்ச் சொல்லாய்வாளர் கருத்து. தோட்டத்து முச்சந்தியில் பேருந்துக்காகக் காத்து நிற்கும் நிழற்குடையைப் ‘பொண்டோக்’ என்று பிள்ளைகள் வாய்க்கு வந்தபடி சொல்கிறார்கள். சமாரியன் போன சத்திரத்தின் பேரப்பிள்ளை அது. ஈப்போவின் பழைய கடைத்தெருக்களில் மலிவு அறைகளின் முகப்பில் ‘ரூமா தும்பாங்ஙான்’ என்று காணலாம். ‘தும்பாங்’ என்பது ஒருவர் தயவில் ஒட்டிக்கொள்வது. வண்டியில் ஏற்றிச் செல்வதற்கும் அச்சொல்லே. தயவைக் குறித்த சொல் மலாயிலும் வாடகைப் பலகைக்குப் போய்விட்டது. தமிழ் மட்டும் இழந்தது என்று எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை.

இனி விடுதி என்னும் சொல்லுக்கு வரலாம். அது நல்ல தமிழ்ச் சொல். விடு என்னும் வினையடியாகப் பிறந்தது. வீடு என்பதும் அதன் உடன்பிறப்பு. சுமையை விட்டு, நடையை விட்டு இளைப்பாறும் இடம் என்று கொள்ளலாம். மாணவர் விடுதி, உணவு விடுதி, தங்கும் விடுதி என எல்லா இடத்திற்கும் அது பொருந்துகிறது. எல்லா இடத்திற்கும் பொருந்துவதே இங்கே அதன் குறை. கட்டடத்தைச் சொல்கிறது, யார் கட்டினார், யார்க்குக் கட்டினார், உண்டவன் என்ன கொடுத்தான் என்பவற்றை அது சொல்வதில்லை. தனித்தமிழில் பற்றுடைய ஆசிரியர் சிலர், சத்திரம் வடசொல் என்பதால் அதை விலக்கி விடுதி என்று எழுதச் சொல்வர். பற்று மதிக்கத் தக்கது. ஆனால் மாற்று சரியன்று. வடசொல்லை விலக்குவதானால் அதன் கருத்தைத் தாங்கும் தமிழ் வேண்டும். மணிமேகலைக் காப்பியத்தில் புகார் நகரத்துப் பொது அம்பலத்துக்கு உலக அறவி என்று பெயர். அங்கேதான் மணிமேகலை அமுதசுரபி ஏந்தி உணவிட்டாள். அரசன் அவள் வேண்டுகோளுக்கு இணங்கிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய செய்தியும் அக்காப்பியத்தில் உண்டு. அறக்கோட்டம் என்றால் காசு வாங்குமிடமன்று என்பது பிள்ளைக்கும் தெரியும். பழைய கதையில் சத்திரம் என்று இருந்தால் அதை அப்படியே விட்டு, ‘வழிப்போக்கர்க்கு விலையின்றி உணவிட்ட அறக்கோட்டம்’ என்று பொருள் எழுதுவது நேர்மை.

அப்பொருளைப் பேராக்கிலேயே கண்ணால் காட்ட முடியுமா என்று ஆசிரியர் கேட்கலாம். தோட்டங்களில் சத்திரம் எழவில்லை. அதற்கு ஏழைமை மட்டும் காரணமன்று. தொழிலாளர் இந்நாட்டுக்கு வழிப்போக்கராக வரவில்லை. கங்காணி திரட்டிக் கொணர்ந்தவர்களை நாகப்பட்டினத்துக் குடியேற்ற டிப்போவில் தங்கவைத்து, மருத்துவச் சோதனை செய்து, சோறு போட்டுக் கப்பலேற்றினர். 1907இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, தோட்ட முதலாளிகளிடம் வரி திரட்டி அச்செலவைத் தாங்கியது. கரை சேர்ந்தபின் பினாங்கில் ஜெரெஜாக் தீவின் தடுப்பு முகாமிலும் சோறு உண்டு. உண்டவன் விலை கொடுக்கவில்லை. குலமும் அங்கே அவ்வளவாகப் பார்க்கப்படவில்லை. அப்படியானால் டிப்போ சத்திரமா? இல்லை. சத்திரத்தில் உண்டவன் விடிந்ததும் தன் வழியே போவான். டிப்போவில் உண்டவன் அடுத்தவர் வகுத்த வழியே போனான். விலையின்மையும் வினாவின்மையும் போல, விடிந்ததும் எழுந்து போகும் உரிமையும் சத்திரத்துக்கு இன்றியமையாதது என்பதை டிப்போவோடு ஒப்பிடும்போதுதான் காண முடிகிறது.

நகரத்தாரின் கிட்டங்கிகளும் பினாங்கு முதல் பல ஊர்களில் இருந்தன. அவை அவர்கள் தொழிலுக்கும் தங்கலுக்கும் உரிய இல்லங்கள், பொதுச் சத்திரங்கள் அல்ல. தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து கூனோங் சீரோவில் உள்ள கல்லுமலைக் கோவில் வரை, வழி நெடுகத் தண்ணீர்ப்பந்தல்கள் நிற்கின்றன. மோரும் சோறும் வாரி வழங்குகிறார்கள். இன்னார் இனியார் என்று பார்ப்பதில்லை. சத்திரத்தின் உயிர் அங்கே ஒரு நாள் நடமாடுகிறது. ஆண்டு முழுதும் காட்ட வேண்டுமானால், ஆசிரியர் மாணவரைச் சீக்கியர் குருத்துவாராவுக்கு அழைத்துப் போகலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் காவற்பணிக்குப் பேராக் வந்த சீக்கியர் எழுப்பிய மரபு அது. ‘லங்கர்’ என்னும் பொதுச் சமையற்கூடம். வந்தவர் யாராயினும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து உண்ணலாம். வழிப்பயணிக்குப் படுக்க இடம் தருவதும் அவர்கள் வழக்கம். தமிழ்ச் சத்திரத்தின் பொருளைத் தமிழ்ப் பிள்ளை சீக்கியர் கூடத்தில் கற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த ஒரே வரிசை, பழைய சத்திரங்கள் பலவற்றில் காணக் கிடையாத ஒன்று என்பதையும் ஆசிரியர் அங்கேயே சொல்லிவிடலாம்.

சத்திரம் இந்நாட்டில் கால் வைக்காமற் போயிற்று. சாவடியோ வந்து சேர்ந்துவிட்டது. தேர்தல் காலத்தில் வாக்குச்சாவடி என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்ட வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் கட்டணம் வாங்கும் இடத்தைச் சுங்கச்சாவடி என்றும் டோல் சாவடி என்றும் எழுதுகின்றன. இது பிழையன்று, வரி தண்டிய பழைய சாவடியின் பொருளுக்கு முற்றும் பொருந்துகிறது. சிம்பாங் பூலாயிலும் கோப்பெங்கிலும் வண்டிகள் வரிசையாக வந்து, அட்டையைக் காட்டி, தடுப்பு உயர்ந்ததும் போய்விடுகின்றன.